அவர்களிடம் சொன்னது

ஏப்ரல் 28, தேவாரம்

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் விமானம் ஏறுகிறோம். இலங்கையில் நுவரெலியா பக்கம், மண்சரிவில் வீடிழந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க. எங்கள் மாதா கோயில் பங்கிலிருந்து சிலர், கொத்தனார் சூசைமுத்து அண்ணன் தலைமையில். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ராஜாத்தி அக்காவும் வருகிறார்.

பிரவீனும் வருகிறார் என்று சூசைமுத்து அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிற புருசன்.

ஜூனில் நான் மட்டும் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்குப் போய்விடலாம் என்றிருக்கிறேன். வேலை கேட்டு வைத்தாயிற்று. அவரிடம் சொல்லவில்லை. சொல்லணுமா?

மே 4

வந்துவிட்டோம். நல்ல குளிர். பெண்களுக்குப் பள்ளிக்கூட அறை, ஆண்களுக்குக் கோயில் கூடம். அவர் இல்லாத அறை என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் ஏன் தூக்கம் வரலை?

மே 6

மேடு. லாரி பாதியிலேயே நின்றுவிடுகிறது. வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றி ஏற்றுகிறோம். எனக்குக் கீழே பிரவீன்தான் நின்றார். "பாத்து, இது கனமா இருக்கு" என்றார். அடுத்த கல்லுக்கும் அதையே சொன்னார். எல்லாக் கல்லும் ஒரே கனம்.

மே 7

விரல் மடங்கவில்லை.

மே 9

இங்கே அவர் வேறு ஆள். சிரிக்கிறார், எல்லாருக்கும் சோறு போடுகிறார். கம்பத்தில் தன் மோட்டார் கடையிலும் இப்படித்தான் இருப்பாரோ?

நாங்கள் கட்டுகிற வீட்டுக்காரம்மா தேநீர் கொடுத்துக்கொண்டே கேட்டார், "நீங்க எல்லாம் ஒரே குடும்பமா?"

"ஆமா தாயி" என்றார் சூசைமுத்து அண்ணன்.

"சாமி மட்டும் எனக்கு வேற" என்றார் ராஜாத்தி அக்கா. எல்லாரும் சிரித்தோம். அவரும் நானும் ஒரே நேரத்தில் சிரித்து, உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

மே 11

மழை, வேலை இல்லை. ராஜாத்தி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நேத்து கலவை போடுறப்ப பிரவீன் அழுதாக" என்றார்.

போன வருசம் எனக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்ததைப் பற்றி. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார், கடையைத் திறக்கப் போனார். அன்றைக்கிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இங்கன வந்து, இத்தனை பேருக்கு நடுவில், அவருக்கு வாய் வந்திருக்கு. என்னிடம் மட்டும்தான் வராதா?

கோபமா இது? இல்லை, அவர் சொல்லக் கேட்டவர்களைப் பார்த்துப் பொறாமையா? அவர் அழுதார் என்று கேட்டதும் உள்ளுக்குள் ஏதோ லேசானதே — அதுக்கு என்ன பேர்?

"ஒன்ட்டச் சொன்னா நீ ஒடைஞ்சிருவேன்னு பயந்திருப்பாக ஆத்தா" என்றார் அக்கா.

நான் உடைஞ்சுதான்க்கா கிடந்தேன். சொல்லவில்லை.

மே 16

கூரை முடிந்தது. புது வாசலில் நின்று எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதோம். பிரவீன் சூசைமுத்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். நான் ராஜாத்தி அக்காவை.

மே 22, தேவாரம்

பழையபடி ஆகிவிட்டது. அவர் டிவி முன்னால், நான் அடுப்படியில்.

வாட்ஸ்அப் குழுவில் "எல்லாருக்கும் கைவலி தீந்துச்சா?" என்று அவர் கேட்டிருந்தார். "எனக்குத் தீரல" என்று போட்டேன். நடுவில் ஒரே ஒரு சுவர். கொஞ்ச நேரத்தில் வந்து அடுப்பு மேடையில் தைலத்தை வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஆட்கள் இல்லாமல் எங்களுக்குப் பேசத் தெரியாதா?

மே 29

திண்டுக்கல் பள்ளி சிஸ்டர் போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

ஜூன் 7

மயிலாடும்பாறையில் சூசைமுத்து அண்ணனின் தங்கை வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். சொன்னதும் குழுவில் எல்லாரும் கிளம்பிவிட்டோம். ஒருவரும் யோசிக்கக்கூட இல்லை.

மதியம் வேப்பமர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பிரவீன் தட்டைப் பார்த்தபடி, "அன்னைக்கு ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

ராஜாத்தி அக்கா தண்ணீர் எடுக்கப் போனார். குடத்தில் தண்ணீர் இருந்தது. சூசைமுத்து அண்ணன், "வாங்கப்பா, தகரத்தை எறக்குவோம்" என்று மிச்சப் பேரைக் கூட்டிக்கொண்டு போனார். பாதிச் சோற்றில் எழுந்து போனார்கள்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். அப்புறம், "பிள்ளைக்கு ஒரு பேர் வச்சிருந்தேன்" என்றார். சொன்னார்.

என்னிடமும் ஒன்று இருந்தது. சொன்னேன்.