ஜிம்மிக்குச் சிக்கெடுத்த விரல்

வைகாசி 9, வெள்ளி

விடிந்ததுமே வெயில். ஓர் இலை அசையவில்லை. இன்று ஜிம்மியைக் குளிப்பாட்ட வேண்டும்.

தேவை: அரப்பு, தேங்காயெண்ணெய், பழைய வேட்டி, பேன்சீப்பு, உண்ணி போட மண்ணெண்ணெய்ச் சிரட்டை, பொறுமை. கடைசிச் சாமான் வீட்டில் இருப்பில்லை.

துரை சீமைக்குக் கப்பலேறும்போது தம் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு, அதாவது இவருக்கு, விட்டுப்போன சொத்து இந்த நாய். உடம்பு முழுக்கச் சாண் நீள முடி. கண் எங்கே என்று தேட வேண்டும். குளிர் தேசத்து ஜீவனுக்குச் சங்கரன்கோயில் வைகாசி, பாவம். பெருமை இவருக்கு, சிக்கு எனக்கு.

அடுத்த வீட்டு மைனி மதில் மேலாக எட்டிப் பார்த்து, "ஒட்டக் கத்தரிச்சு விட்டுரலாம்லா? ஏன் கெடந்து சாவுத?" இவரிடம் கேட்டேன். "ஏட்டி, முடி போச்சுன்னா அது வெறும் தெருநாயில்லா!" துரை திரும்பி வந்து கணக்குக் கேட்கப் போகிறாராக்கும்.

கழுத்தில் ஒரு சிக்கு அவிழவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டுப் பிரித்தால் உள்ளே காய்ந்த ரத்தம். பல் பதிந்தாற்போல் இரண்டு பொத்தல். போன வாரம் மகள் கமலா கதவைத் திறந்து போட்டாளே, அன்று வெளியே ஓடினவன் எந்த நாயோடோ உருண்டிருக்கிறான். "அம்மன் புத்துமண்ணு இருக்குல்லா, கொழைச்சுப் பூசு. தேள்கடிக்கே கேக்கும்" என்றாள் மைனி. கோயில் புற்றுமண் இல்லாத வீடு இந்த ஊரில் ஏது? குழைத்துப் பூசி, முடியை மேலே இழுத்து விட்டேன். ஒன்றும் தெரியவில்லை.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கமலாவுக்கு அடி விழும். எட்டு வயசுப் பிள்ளை, மறதிதானே.

வைகாசி 17, சனி

புழுக்கம். உளுந்து, நல்லெண்ணெய் வாங்க வேண்டும்.

புண் ஆறிவிட்டது. அம்மன் கைவிடவில்லை.

மோர்க்காரி வந்து சொன்னாள், மேலநீலிதநல்லூர் ரோட்டில் ஒரு வெறிநாயை அடித்துப் போட்டார்களாம். "ஆடு, மாடு, நாயி, ஒண்ணு பாக்கியில்லாமக் கடிச்சு வச்சிருக்காம் தாயி." ஓடிப்போய் ஜிம்மியின் கழுத்து முடியை விலக்கிப் பார்த்தேன். நல்ல தோல். என் கையை நக்கினான். அந்த நாய் எங்கே, இவன் எங்கே. வீண் பயம்.

ஆனி 8, ஞாயிறு

காற்று ஆரம்பம். வீடெல்லாம் புழுதி.

ஜிம்மி குளிக்க வரவில்லை. அரப்புக் கிண்ணத்தைக் கண்டாலே குதிக்கிறவன், இன்று கட்டிலுக்கடியில் இருட்டில். வாயோரம் நுரை. தாடை தொங்குகிறது. குரைத்தால் குரல் ஊளை மாதிரி இழுக்கிறது. உடம்பை நக்கி நக்கி முடியை விழுங்குகிற பழக்கம் உண்டு. அதுதான் தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று விரலை விட்டுத் துழாவினேன். ஒரு முடிகூட அகப்படவில்லை. காலையில் கத்தரிக்காய் நறுக்கும்போது அருவாமனை கிழித்த விரல். எச்சில் பட்டுக் காந்தியது. கழுவிவிட்டுப் புற்றுமண் அப்பிக்கொண்டேன்.

கமலா அவன் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். முழங்கையில் அவன் நகக்கீறல். "எம்மா, தண்ணிக் கிண்ணத்தக் காட்டுனா ஒதறுதான். பயப்படுதான்."

அப்போதுதான் மோர்க்காரி சொன்னது ஞாபகம் வந்தது. பிள்ளையை இழுத்து அப்புறம் தள்ளினேன். ஐயோ, அம்மா.

ஆனி 10, செவ்வாய்

ஜிம்மி போய்விட்டான். பின்கட்டுத் தூணில் கட்டினபடியே. குழி வெட்டிப் புதைத்தாயிற்று.

கம்பவுண்டர் வந்து பார்த்தார். "வெறியேதான், சந்தேகமில்ல. ஆரையும் கடிச்சுதா?" கமலாவின் கீறலைக் காட்டினோம். "பிள்ளைய இன்னைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க. வயித்தச் சுத்தி ஊசி போடணும். அசட்டையா இருந்துட்டா, காயம் ஆறினப்பறமும் அந்த எடத்துல எறும்பு ஊருதாப்ல குறுகுறுங்கும். அது வந்துட்டா ஊசிக்குக் கட்டுப்படாது." என் பக்கம் திரும்பி, "ஒங்களக் கடிக்கலியே?"

"இல்ல, அண்ணாச்சி." உண்மைதான். கடிக்கவில்லை.

கழுத்துப் புண்ணைப் பற்றி இவரிடம் சொன்னேன். "அப்பமே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. அப்பாவும் மகளும் மத்தியான வண்டியில் போனார்கள். நான் வீட்டில்.

தாயே கோமதி, பிள்ளை முழுசாகத் திரும்பி வரட்டும். உனக்கு ஆடிச்சுற்று சுற்றுகிறேன்.

ஆடி 16, வெள்ளி

சாரல் காற்று. தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியாயிற்று. கோயில் பிராகாரத்தில் கால் வைக்க இடமில்லை, அவ்வளவு பேர் சுற்றுகிறார்கள். நானும் சுற்றினேன், கால் வீங்க வீங்க. ஊசியெல்லாம் முடிந்து வந்த கமலா கூடவே ஓடிவந்தாள். "எம்மா, நான் அழவேயில்ல தெரியுமா? அப்பாதான் அழுதாவ."

அம்மன் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சந்நிதியில் நின்று வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன.

ஆடி 18, ஞாயிறு

மூட்டம். தலைவலி, லேசாகக் காய்ச்சல். "ஒரே மூச்சாச் சுத்துனா ஒடம்பு தாங்குமா?" என்கிறாள் மைனி. இருக்கும்.

மாவிளக்குக்கு அரிசி ஊறப்போட வேண்டும். வெல்லம் இல்லை. ஜிம்மியின் பேன்சீப்பு இன்னும் மாடத்தில் கிடக்கிறது, தூக்கி எறிய வேண்டும்.

கமலாவுக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன். சீப்பு கையில் நிற்கவில்லை. நழுவி நழுவி விழுகிறது. "என்னம்மா?" என்கிறாள். அருவாமனை கிழித்த விரலில் காலையிலிருந்து குறுகுறுப்பு. அந்தக் காயம் எப்போதோ ஆறிவிட்டது. எறும்பு ஏதாவது ஏறியிருக்கும் என்று வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

எறும்பு இல்லை.