எலெக்சன் கற்பூரம்

உ

ஒலக்கூர்
12-3-1962

அன்புள்ள மகன் விருத்தாசலத்துக்கு அம்மா கோவிந்தம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், உன் சின்னம்மா முனியம்மாள் வீட்டிலேயும் எல்லாரும் நல்லபடியா இருக்கோம், பிலாய் இரும்பு பாக்டரியிலே நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமா இருக்கேன்னு உன் கையாலே எழுதிப் போட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும். மல்லாட்டைச் செடி இந்தத் தரம் நல்லாக் காய் பிடிச்சிருக்குது, செவலை மாடு கிடாரிக் கன்னு போட்டுது, உன் அப்பா இருந்தா ஊரெல்லாம் சீம்பால் குடுத்துட்டு எனக்குச் சட்டியைக் கழுவக் குடுத்திருப்பாரு.

அப்பாவுக்குச் சித்திரையிலே வருஷத் திதி வருது, அன்னிக்கு மடத்துச் சாமியைக் கூப்பிட்டு ஊர் முன்னாலே அவரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை பேச வைக்கணும்னு எழுதியிருந்தே. நீ கேட்டதிலே தப்பு ஒண்ணுமில்லே. அப்பா சாராயத்தை விட்டது அந்தச் சாமி சொல்லித்தான், காரியத்தன்னிக்கு அவர் பக்கத்திலே உட்கார்ந்து பேசினப்புறம்தான் நானும் ஒரு வாய் கஞ்சி குடிச்சேன். ஆனா நடுவுலே எலெக்சன் வந்து பேஜாராப் போச்சுடா, அதைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு.

ரைஸ்மில் முதலாளி ஒரு பக்கம் நின்னாரு, லாரிக்காரர் பெரியதம்பி ஒரு பக்கம் நின்னாரு, அதான், மூட்டையை இறக்கிப் போட்டுட்டு அப்பாவை லாரியிலே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போனாரே, அவரேதான். சாமி மில்லுக்காரர் ஜீப்புலே ஏறிட்டாரு. வெள்ளிக்கிழமையானா பொய் சொல்லாதே, யாரையும் பயமுறுத்தாதேன்னு சொல்ற மனுஷன், தட்டுலே கற்பூரம் ஏத்திக்கினு வீடு வீடா வந்து மில்லுக்காரருக்குத்தான் போடுவேன்னு சத்தியம் வாங்கினாரு. பிள்ளை இருக்கிறவ பிள்ளை தலையிலே கை வைக்கணுமாம். என்கிட்டே வந்ததும் துக்கம் தீராத பொம்பளை, வேணாம்னு தட்டை நகர்த்திட்டாரு. எனக்கு அழுகை வந்துட்டுது. எதிர்வீட்டு வெள்ளையம்மாள், ஏன்டி அழுவறே, இந்தத் தெருவுலே உன் ஓட்டு ஒண்ணுதான் இப்போ சொந்தக்காரிகிட்டே இருக்குது, எங்களுதெல்லாம் தட்டோட ஜீப்புலே போவுதுன்னா. அழுதுக்கினே சிரிச்சேன்.

சிரிக்க முடியாதவ உன் சின்னம்மாதான். அவளுக்குப் பெரியதம்பிக்குப் போடணும்னு ஆசை, அந்த லாரியிலே அவளும்தானே கூட வந்தா. முருகையன் தலையிலே கை வச்சுட்டேனே அக்கா, மாத்திப் போட்டா பையனுக்கு ஏதாவது ஆயிடுமான்னு என் மடியிலே விழுந்து அழுதா. பையன் தும்மினாக்கூட ஓடிப்போய் நெத்தியைத் தொட்டுப் பாக்கிறா. அவன், நெத்தி தேய்ஞ்சு போச்சு விடும்மான்னு கத்தறான். எனக்கு மனசு கேக்கலே. துக்கக்காரி வெளியே போவக்கூடாதுன்னு சொன்னா சொல்லிக்கட்டும்னு மடத்துக்கே போயிட்டேன்.

முனியம்மா படற பாட்டைச் சொல்லி, பயமுறுத்தி வாங்கின சத்தியத்துக்குப் பாவம் குடுத்தவளுக்கா வாங்கினவருக்கா சாமின்னு கேட்டேன். அது எலெக்சன் சத்தியம்மா, அது வேறேன்னாரு. அப்படியா சாமி, எலெக்சன் கற்பூரம்னு கடையிலே தனியா விக்கிறாங்களான்னு என் வாயிலே வந்துட்டுது. சுத்தி இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. சாமி அவங்களைக் கையமர்த்தினாரு. அப்புறம், அந்தப் பொண்ணை இஷ்டப்படி போடச் சொல்லு, பாவம் என்னோட போவட்டும்னாரு. தெருவுலே வாங்கினதைத் தெருவுலே வந்து எடுங்க, நான் சொன்னா அவளுக்குப் பயம் போவாதுன்னேன்.

மறுநாள் வந்தாருடா, நடந்தே வந்தாரு. முருகையன் தலையிலே விபூதி வச்சு, நான் வாங்கின சத்தியத்தை நானே எடுத்துக்கினேன்னு எல்லார் காதிலேயும் விழச் சொன்னாரு. அவ்வளவுதான், தெருவுப் பொம்பளைங்க எல்லாம் ரேஷன் கடை மாதிரி வரிசையிலே நின்னுட்டாங்க, எனக்கும் எடுங்க எனக்கும் எடுங்கன்னு. பிள்ளையில்லாத வெள்ளையம்மாள், நான் எருமை தலையிலே கை வச்சேன் சாமி, அதுக்கும் கொஞ்சம் விபூதி குடுங்கன்னா. சாமிக்கே சிரிப்பு வந்துட்டுது. உன் சின்னம்மா யாருக்குப் போட்டான்னு நான் கேக்கலே, திரும்பி வரும்போது அவ முகத்தைப் பாக்கணுமே. ஜெயிச்சது என்னவோ மில்லுக்காரர்தான், அது போவட்டும்.

இப்போ மறுபடியும் வெள்ளிக்கிழமை சாமி பேசறாரு. நல்ல வார்த்தைதான், நானும் ஓரமா உட்கார்ந்து கேக்கிறேன். ஆனா சத்தியம்னு வாயெடுத்தா போதும், கூட்டத்திலே யாராவது ஒருத்தர் இது எந்தக் கற்பூரம்னு கிசுகிசுக்க, நாலு பேர் சிரிக்கிறாங்க. தப்பை நடுத்தெருவுலே ஒத்துக்கினவரு, எனக்கு அவர் மேலே கோவம் கிடையாது. ஜீப்புலே ஏறாம இருந்திருந்தா அந்த வாய்க்கு இந்தக் கதி வந்திருக்காது. அந்த வாயாலே நாளைக்கு உன் அப்பா நல்லவருன்னு சொல்லும்போதும் எவனாவது சிரிச்சுட்டா நான் தாங்க மாட்டேன் கண்ணு.

அதனாலே நேத்து நானே போய்ச் சொல்லிட்டேன், திதிக்கு வாங்க சாமி, முதல் இலை உங்களுக்குத்தான்னு. பேச வேணாமாம்மான்னு கேட்டாரு. என் மகன் பேசுவான்னேன். அதுதான் சரின்னாரு.

லீவு கேட்டு ஜல்தியா எழுது. வெயிலிலே தலைக்குத் துண்டு கட்டிக்கினு வேலைக்குப் போ. என்ன பேசறதுன்னு ரயில்லே யோசிச்சுக்கினு வா, நீளமா வேணாம், எனக்குப் புரியற மாதிரி இருந்தாப் போதும். அப்பா உன் கூடவே இருந்து உன்னைக் காப்பாத்தட்டும்.

உன் வரவைப் பாத்துக்கினு இருக்கும் அம்மா
வி. கோவிந்தம்மாள்