டெரலுக்குக் கிடைத்த ஐந்து வரி

அன்பு மகள் ரோண்டாவுக்கு அம்மா எழுதுவது. அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன், முழங்கால்தான் படுத்துகிறது, கோழித் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. உன் தம்பி டெரல் ஜெயிலில் செத்து, வருகிற மாதத்தோடு நாலு வருஷம் ஆகிறது. நம் சர்ச்சுக்கு வரும் ஒடெஸா பிக்கெட்டின் பையனும் அதே ஜெயிலில்தான் செத்தான், உனக்குத் தெரியும். ஜெயில் மேல் நாம் போட்ட கேஸைக் காலம் கடந்துவிட்டதென்று தள்ளினார்களே, அவளுடையது தப்பிப் பிழைத்து இப்போது அட்லாண்டா மேல்கோர்ட்டில் நிற்கிறது. கேஸில் இல்லாதவர்களும் இந்தத் தீர்ப்பு எங்களையும் தொடும் என்று ஜட்ஜுகளுக்கு எழுதிக் கொடுக்கலாமாம், நீதிமன்ற நண்பர் மனு என்கிறார்கள். ஜெயில் பக்கத்துக்காக, ஜெயில்களை நடத்தும் போலீஸ் அதிகாரிகளான ஷெரிஃப்களின் சங்கம் ஒன்று கொடுத்துவிட்டது. ஜெயிலில் பிள்ளையைப் பறிகொடுத்த பதினோரு தாய்மார் சேர்ந்து ஒடெஸாவுக்காக ஒன்று கொடுக்கிறோம். அவள் ஜெயித்தால் இனி ஜெயிலில் மருந்து கேட்பவனுக்கு இல்லையென்று சொல்லப் பயப்படுவார்கள். இத்தனை வார்த்தைக்கு மேல் கூடாதென்று விதியாம், ஆளுக்கு ஐந்து வரிதான். ஒடெஸா, அவங்களுக்கு பேட்ஜ் குத்தினவனெல்லாம் நண்பன், எனக்குப் பாரு, பதினோரு அழுமூஞ்சி என்றாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

எங்கள் மனுவை எழுதும் வக்கீல் பெண் ஹாலி, டெரலைப் பற்றிய ஐந்து வரியைத் தொழிற்சாலை வாசலுக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினாள். மூன்று நாள் இன்சுலின் கேட்டான், கொடுக்கவில்லை என்பது வரை சரி. கடைசி வரியில், சாகிற அன்று மதியம் தாயையும் அக்காவையும் போனில் அழைத்தான், இருவருமே ஏற்கவில்லை என்று இருந்தது. ஜெயில் போன் பதிவில் இருக்கிறதாம், இரண்டு பத்துக்கு எனக்கு, இரண்டு நாற்பதுக்கு உனக்கு. நீ என்னிடம் சொன்னதில்லை, நானும் உன்னிடம் சொன்னதில்லை. ஜெயிலிலிருந்து அழைப்பு, ஏற்க ஒன்றை அழுத்தவும் என்று அந்த மிஷின் சொன்னபோது எனக்குப் பத்து நிமிஷ இடைவேளை, இவனுக்கு இதே பொழைப்பு என்று வைத்துவிட்டேன். நீயும் களைத்துப்போய்தான் இருந்திருப்பாய், அவன் நம்மை அப்படி ஓட விட்டிருந்தான்.

அக்காவை எடுத்துடு என்றேன். வெர்லீன் அம்மா, ஜட்ஜுங்க மனசுல நிக்கப்போறதே இந்த வரிதான், ரெண்டு பேரும் இருந்தாத்தான் கனம் என்றாள் ஹாலி. அவ இந்தப் பதினோரு பேருல இல்ல, என்னோடதைச் சொல்லத்தான் எனக்கு உரிமை என்றேன். நீங்க போனை எடுக்கலைன்னு யார் வேணும்னாலும் படிப்பாங்களே என்று கேட்டாள். படிக்கட்டும் என்றேன். என் பேரை மட்டும் வைத்துத் திருத்தினாள், கையெழுத்துப் போட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போகிறது. என்றைக்காவது அது உன் கண்ணில் பட்டால், உனக்கும் அழைப்பு வந்தது அம்மாவுக்குத் தெரியாது, அதனால்தான் உன் பேர் விட்டுப்போனதென்று நினைத்து நீ தனியாகக் கிடந்து அழக்கூடாது, அதற்குத்தான் எழுதுகிறேன்.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே, இதைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம், சும்மா கூப்பிடு, எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா வெர்லீன்