தொட்டிக்கு வர்ணம்

ஜூலை 6, ஞாயிறு

பழைய இரும்புக்கடைக்காரர் மினி லாரியில் கொண்டுவந்து கடற்கரையில் இறக்கிவிட்டுப் போனார். பைபர் படகு, பாய் கட்டி ஓட்டுவது, இரண்டு பேர் உட்காரலாம். மூடிப்போன விடுதி ஒன்றின் பின்பக்கம் கிடந்ததாம். உள்ளே கோழி அடைந்திருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் நான் ஓட்டிய அதே வகை. அடிப்பாகம் முழுக்க மயிரிழை வெடிப்பு, பெயிண்ட் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்திருக்கிறது. ஆனால் உடம்பு உறுதி.

பக்கத்தில் வள்ளம் என்கிற மரப்படகு கட்டும் பட்டறை வைத்திருக்கும் காதர் மைதீன் பாய் வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"தொட்டி நல்லாத்தேன் இருக்கு டீச்சர். எத்தன கொடம் பிடிக்கும்?"

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் மிளகாய்க்காட்டுக் கமுதிக்காரி, அதனால் எனக்குக் கடல் தெரியாது! பதினோரு வருஷமாக இவர்கள் பிள்ளைகளுக்கு நான்தான் விளையாட்டு டீச்சர். அது மட்டும் மறந்துபோகும்.

ஜூலை 9, புதன்

சுதந்திர தினப் பாய்மரப் போட்டிக்குப் பேர் கொடுக்கப் போனேன். கமிட்டியிலும் அதே பாய். இந்த ஊரில் பாய் இல்லாமல் படகும் ஓடாது, பாய் இல்லாமல் கமிட்டியும் ஓடாது.

"போட்டி வள்ளத்துக்கு, டீச்சர். தொட்டிக்கு இல்ல."

எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். கடைசியில் செயலாளர் குறுக்கே வந்தார். "வர்ணம் அடிச்சு, பேரெழுதி, பதினாலாந் தேதி காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றோம்." மற்றவர்கள் படகையெல்லாம் பார்த்துவிட்டா சேர்க்கிறார்கள்? எனக்கு மட்டும் பரீட்சை.

வீட்டில் சொன்னால், இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே "விடு ஜோதி" என்கிறார். எதை விட? கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் இதே இரண்டு வார்த்தை.

ஜூலை 13

உப்புத்தாள். உப்புத்தாள். உப்புத்தாள். தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

ஜூலை 20

வெடிப்புக்கெல்லாம் பட்டி வைத்தாயிற்று. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவன், "கமுதிக்காரவுகளுக்கு மொளகா காயப்போடத் தோதா இருக்கும்" என்றான். விசிலை எடுத்து அவன் காதருகில் ஊதினேன். கொஞ்சம் மனசு ஆறியது.

ஜூலை 27

மேற்கேயிருந்து கச்சான் காற்று. மணல் வந்து ஒட்டுகிறது. தார்ப்பாய் போட்டு மூடித்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. பாய் இன்றும் வந்து நின்றார். நான் தேய்த்துவைத்த அடிப்பாகத்தை முன்னாலிருந்து பின்னால் வரை உள்ளங்கையால் தடவிவிட்டுப் போனார். தொட்டியில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறதாம்?

ஆகஸ்ட் 2, சனி

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் மாவட்டப் போட்டிக்குப் போய் வந்தேன். படகை மூடிவிட்டுத்தான் போனேன். நாளைக்கு பிரைமர்.

ஆகஸ்ட் 3

பிரைமர் ஒட்டவில்லை. எண்ணெய்த் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி திட்டுத் திட்டாக ஒதுங்குகிறது. விரலில் தொட்டு மோந்தேன். மீன் எண்ணெய்!

இந்தக் கரையில் மீன் எண்ணெய்ச் சட்டி இருப்பது பட்டறையில்தான்; நேரே அங்கே போனேன். பாய் கையிலேயே அந்த வாடை. "நீங்களா?" என்றேன். "ஆமா டீச்சர், நாந்தேன்" — சிரிப்பு வேறு!

கத்தினேன். போட்டியில சேக்கப் பிடிக்கலன்னா மொகத்துக்கு நேரா சொல்லணும், நாலு வாரம் ஒருத்தி முதுகு ஒடியத் தேச்சதை ஒரு சட்டி எண்ணெயில கெடுப்பீகளா, நீங்கல்லாம் பெரிய மனுசனா — இன்னும் என்னென்னவோ. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவர் முகம் சுண்டிப்போனது. சுண்டாதா பின்னே?

ஆகஸ்ட் 4

அவர் மனைவி உம்மு ஹபீபா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கடலுக்கு எறங்கப்போற வள்ளத்துக்குத்தேன் டீச்சர் எண்ணெ போடுவாக. மரத்துல உப்பு ஏறக் கூடாதுன்னு. தொட்டிக்கு யாராச்சும் எண்ணெ போடுவாகளா? எங்கவுக தன் வள்ளத்துக்கு வச்சிருந்ததை எடுத்துட்டு வந்து போட்டாக. ராவு சோறு எறங்கல அவுகளுக்கு."

அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றேன். சரி, நல்ல மனசுதான். நல்ல மனசு இருந்தால் பெயிண்ட் ஒட்டிவிடுமா? பைபருக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா? இத்தனை நாள் வாய் கிழியத் தொட்டி, தொட்டி என்றவர், வள்ளம் என்று ஒரு தடவை வாயால் சொல்லியிருந்தால் நான் ஏன் கத்தப்போகிறேன்?

இவரிடம் புலம்பினேன். "விடு ஜோதி" என்பார் என்று பார்த்தால், "சோப்புத் தூள் வாங்கியாரவா?" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

சோப்புத் தண்ணி, தின்னர், மறுபடியும் உப்புத்தாள். பாதி வேலையில் பாய் வந்து நின்றார். பழைய கைலித் துணியைத் தின்னரில் நனைத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். மத்தியானம் வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் துடைத்தோம்.

போகும்போது, "இம்புட்டு வேல வாங்குதே இந்தத் தொட்டி" என்றார்.

மறுபடியும் தொட்டி!

ஆகஸ்ட் 12

பிரைமர் பிடித்தது. நீலம் இரண்டு பூச்சு முடிந்தது, நகத்தால் கீறினாலும் வரவில்லை. பேர் எழுத வேண்டும். ஆளாளுக்கு ஒரு சாமி பேர் சொன்னார்கள். நான் சிவப்பு டப்பாவைத் திறந்து, இரண்டு பக்கமும் முழ உயர எழுத்தில் எழுதினேன்: தொட்டி. இனி யார் சொன்னாலும் அது அதன் பேர்.

ஆகஸ்ட் 14

சேர்த்துக்கொண்டார்கள். செயலாளர் பேரை இரண்டு தடவை படித்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எனக்குத் துணையாக இன்னொரு ஆள் வேண்டுமே. இவர் வந்தார். முன்பக்கம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைக் பாய் கையில். வரிசையாகப் படித்தார். வள்ளம் மர்ஜானா. வள்ளம் தங்கக்கடல். எங்கள் முறை வந்ததும் நிறுத்தினார், இருமினார். பிறகு கரை முழுக்கக் கேட்கும்படி, "வள்ளம்... தொட்டி!" என்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படகின் பாயை இழுத்துக் கட்டினேன்.

ஒன்பதில் நான்காவது. கரையேறும்போது கல்லில் உரசி, முன்னால் ஒரு சாண் பெயிண்ட் போய்விட்டது. பாய் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சூண்டு எண்ணெ வைக்கட்டா டீச்சர்?"

"தொட்டுத்தான் பாருங்களேன்" என்று விசிலை எடுத்தேன்.