காற்றுக்காலக் கடன்

ஒக்டோபர், செவ்வாய். இரவு.

காற்றுக்காலத்தில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட, வளவில் இரண்டு அறை கட்ட வேண்டும். வங்கி மாதாமாதம் கட்டச் சொல்கிறது. காற்று விழுந்த மாதங்களில் எதைக் கட்டுவது? மதுரங்குளி முதலாளி காற்றுக்காலத்தில் மட்டும் கட்டினால் போதும் என்கிறார். ஆனால் வெறும் ஈடு போதாதாம். காணியை அவர் பேருக்கே அறுதியாக, விற்றதாகவே எழுத வேண்டுமாம். கடன் முடிந்ததும் திருப்பி எழுதுவாராம். மனைவி மேரி ஓம் என்றுவிட்டாள்.

அறை அமைப்பைப் பார்த்து வரச் சொல்லி, முதலாளி இன்று தன் வாடகை வீடொன்றுக்கு அனுப்பினார். அங்கிருந்தவர் தேத்தண்ணி தந்தார். பின்பக்கம் பைப் சொட்டிக்கொண்டிருந்தது.

"வோஷர் மாத்தினாச் சரிதானே, அண்ணே?"

"முதலாளிட்ட கேட்டுத்தான் மாத்தோணும், தம்பி. நான் வாடகைக்குத்தானே இருக்கிறன்."

"வீடு ஆர் கட்டினது?"

"நான்தான். கடனுக்கு அறுதி எழுதிக் குடுக்கிறதுக்கு முதல்."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

விடிந்தால் உறுதி எழுத நொத்தாரிசிடம் போக வேண்டும். மேரி உறங்கிவிட்டாள். எங்கள் கிணற்றடிப் பைப்பும் சொட்டுகிறது. எழுந்து போய் இறுக்க வேண்டும். இன்றிரவு யாரையும் கேட்கத் தேவையில்லை.