மாவில் நான் போட்ட உப்பு

அன்புள்ள மைனிக்கு,

மைனி என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பாய். எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதியவள் நீ. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த மறுநாளே இடுப்பில் கையை வைத்து நின்று, இனிமேல் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மைனி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டாய். சரி என்றேன். ஆனால் நீ, வா, போ மட்டும் மாறவில்லை. இப்போதும் அப்படியே எழுதுகிறேன்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. ஆடியில் தோணிகள் எல்லாம் ஓட்டமில்லாமல் நின்ற நேரத்தில், பத்து நாள் காய்ச்சலில் போய்விட்டாய். அண்ணன் கரையில் இருந்தான், உன் தலைமாட்டிலேயே இருந்தான். அது ஒன்றைத்தான் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதையும் சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்தை நம் மாதா கோவில் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்தால் அது பாதி வேலைதான். உன் மாவை வாங்கியவர்கள், உன் மாவைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்குச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

அண்ணன் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணியின் தண்டல். தோணியும் அதில் போகிற ஆட்களும் அவன் பொறுப்பு. கடல் கொந்தளித்தால் தோணியில் அடுப்பு மூட்ட முடியாது. அந்த நாட்களில் அவலை நனைத்துத் தின்றுவிட்டுப் பாய் இழுப்பார்கள். அண்ணன் பாதி ஆளாக இளைத்து வீடு வந்து சேருவான். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நீ ஆரம்பித்தாய். அடுப்பே வேண்டாத சாப்பாடு ஒன்று செய்ய வேண்டும், அதைத் தின்றவன் மறுநாளும் பாய் இழுக்க வேண்டும் என்றாய்.

நான் பெண்கள் பள்ளியில் மனையியல் டீச்சர். முளைகட்டினால் தானியத்தில் சத்து கூடும், பயறு வகை ஏதாவது சேர்த்தால் இன்னும் நல்லது என்று புத்தகத்தில் இருந்ததை நான் சொன்னேன். மற்றதையெல்லாம் நீ செய்தாய். கம்பையும் கேப்பையையும் ஊறவைத்து முளைகட்டி, காயப்போட்டு, கருகாமல் வறுத்து, பொரிகடலையும் எள்ளும் சேர்த்து மில்லில் திரித்துக்கொண்டு வந்தாய். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உருண்டை, நிறைய விட்டுக் கரைத்தால் கஞ்சி. வேறு எந்தப் பாடும் இல்லை.

சொல்வதற்குச் சுளுவாக இருக்கிறது. முதல் மாவு ஈரமான கொண்டல் காற்றில் காயப்போட்டு நமத்துப் போய்ப் பூச்சி வைத்தது. அடுத்தது கருகிக் கசந்தது. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற நாளில், உச்சி வெயிலில் மட்டும்தான் காயப்போட வேண்டும் என்று கண்டுபிடிக்க நமக்கு ஒரு வருடம் பிடித்தது. நீ கைப்பிடியால் அள்ளிப் போடுவாய். நான் தராசைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே ஓடி, அதை எடை போட்டு எழுதுவேன். தராசோடு ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

கடைசியில் மாவு நன்றாக அமைந்தது. இரண்டு வருடம் தோணியில் போனது. அண்ணன் உடம்பு தேறி வந்தான். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடக் காலையில் அதைத்தான் கரைத்துக் கொடுத்தார்கள்.

நமக்குள் தீராமல் கிடந்தது ஒரே ஒரு சண்டை. பள்ளியில் என் மாணவிகளுக்கு ருசி பார்க்கக் கொடுத்தேன். சப்பென்று இருக்கிறது டீச்சர் என்றார்கள். அளவாக உப்புச் சேர்த்தால் வாய்க்கு நன்றாக இருக்கும் என்று உன்னிடம் வந்து நின்றேன். நீ முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உப்பு வேண்டாம்ளா. கடல்ல போறவனுக்கு இங்கன இருந்து உப்பு குடுத்து விடணுமாக்கும்?"

உன் வழக்கமான நக்கல் என்று நினைத்து எரிச்சலோடு திரும்பிவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். நீயும் விளக்கியிருக்கலாம். உனக்கு அது விளக்க வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. உன் அப்பா தோணிச் சமையல்காரர். நான் புத்தகம் படித்தவள்.

நீ போன பிறகு, புரட்டாசியில் தோணி முதல் ஓட்டத்துக்குக் கிளம்பியது. அதற்கு முன்னால், அண்ணன் தோணி வேலையாகக் கடற்கரையிலேயே கிடந்த நாட்களில், மாவை நான்தான் செய்தேன். உன் கை பட்டது போலவே வர வேண்டும் என்று அழுதுகொண்டே வறுத்தேன். திரித்து வந்த பிறகு ருசி பார்த்தேன். சப்பென்று இருந்தது. உப்பைப் போட்டேன். மறந்து போடவில்லை, மைனி. நீ வேண்டாம் என்று சொன்னது நினைவிருந்தும், இனி என்னைத் தடுக்க ஆளில்லை என்று தெரிந்தும் போட்டேன். பிறகு தகர டின்களில் அடைத்து, நல்ல காகிதத்தில் உன் பெயரைப் போட்டு 'மிக்கேலம்மாள் சத்துமாவு' என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். உனக்கு நான் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். நீ கடைசியாகச் செய்து வைத்துவிட்டுப் போனது என்று அண்ணனும் ஆட்களும் எடுத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை.

நடந்ததை அண்ணன் எனக்கு நாலே வாக்கியத்தில் சொன்னான். முதல் இரண்டு நாள் கடல் மோசம், அடுப்பு மூட்டவில்லை, எல்லோரும் மாவைத்தான் தின்றார்கள். தாகம் அடங்காமல் பீப்பாய்த் தண்ணீரைக் குடித்தார்கள். பிறகு காற்று அப்படியே விழுந்துவிட்டது, பாய் தொங்க நடுக்கடலில் கிடந்தார்கள், தண்ணீர் தீர்ந்தது. இலங்கைப் பக்கத்து மீன்பிடிப் படகு ஒன்று கண்டு தண்ணீர் கொடுக்கும்போது, சமையல்காரர் கஸ்பார் நினைவில்லாமல் கிடந்தார்.

கஸ்பார் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு கடலுக்குப் போகவில்லை. ஒரு நாள் பள்ளி விட்ட நேரத்தில் நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சோத்துக்கு விடுத மாதிரிதான் டீச்சர், மூணு பங்கு நல்ல தண்ணி, ஒரு பங்கு கடத்தண்ணி. தண்டல் அம்மா இருக்கையிலயும் அப்படித்தான் பெசஞ்சேன். அப்ப ஒண்ணும் செய்யல. இந்தத் தடவ கரிச்சுது. அம்மா கையால கடைசியாச் செஞ்சதுன்னு ஒருத்தனும் வாயத் தொறக்காமத் தின்னான். தப்பு எங் கையிலயா, மாவுலயா? அத மட்டும் சொல்லிருங்க."

உன் பேச்சு எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோணியில் நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்கக் கடல் தண்ணீரைக் கலந்து சோறு பொங்குவார்கள் என்று எனக்கும் தெரியும், இந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். மாவுக்கும் அதையே செய்வார்கள் என்று தராசு தூக்கிய எனக்குத் தோன்றவில்லை. நீ அதற்காகத்தான் உப்பில்லாமல் செய்திருக்கிறாய். கரித்தபோதும் அவர்கள் துப்பாமல் தின்றதற்குக் காரணம், டின்னில் நான் ஒட்டிய உன் பெயர்.

கஸ்பாருக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? காப்பி போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகும் பேசவில்லை. தெருவில் உன் மாவு ஆளைக் கொல்லப் பார்த்தது என்றார்கள். பாலர் பள்ளியில் நிறுத்திவிட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவோடு கிளம்பியது, அண்ணன் மட்டும் பாய் தைக்க வேண்டும் என்று வீட்டில் இருந்துவிட்டான். அவன் உன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டான். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சோறு பரிமாறினேன். படித்தவள், டீச்சர், நாளைக்கு என்னிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள் என்று பயந்தேன். செத்தவளுக்கு இனி என்ன நஷ்டம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன், மைனி. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

போன சனிக்கிழமை மத்தியானம், அண்ணன் முற்றத்தில் அந்த டின்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒட்டிய காகிதத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்து, கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஆணி போட்டு வைக்க டின் வேண்டுமாம். உன் பெயரில் 'மிக்கே' போய், 'லம்மாள்' மட்டும் மிச்சம் இருந்தது. என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அண்ணா, அந்த மாவு மைனி செஞ்சதில்ல. உப்பு நான் போட்டது. அவ போடக் கூடாதுன்னு சொல்லியும் போட்டேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். என்னை ஏசவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை. எழுந்து கையைக் கழுவினான், வெளியே போய்விட்டான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே கஸ்பார் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று சொன்னேன். அவர் உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். அதை அவள் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். தன் கையால்தான் எல்லோரும் சாகப் பார்த்தார்கள் என்று அந்த மனுஷன் இத்தனை நாளும் வீட்டில் தலை குனிந்து இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். கல்லறைக்கு, உன்னிடம்தான் வருகிறான் என்று தெரிந்தது. நடையில் என்னைத் தாண்டிப் போனவன் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"செத்தவளப் பழி சொல்லக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன் ஏளா. மனசுக்குள்ள தெனமும் அவள ஏசினேன். அது அவளுக்குக் கேட்டிருக்குமா?"

அவன் போய்விட்டான். உன்னிடம் மத்தியானம் வரைக்கும் இருந்தான் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் இன்னும் பேசவில்லை. பேசுவானா என்றும் தெரியவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இப்போது இல்லை.

மைனி, இந்த இதழ் அச்சாகி வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது நான் வாசலில் நிற்பேன். யார் எது கேட்டாலும் பதில் சொல்வேன். பாலர் பள்ளித் தாய்மாரிடம் நானே வீடு வீடாகப் போவேன். மாவை மறுபடி செய்வேன், உன் அளவில், உப்பில்லாமல், கஸ்பார் வந்து ருசி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே தோணியில் ஏற்றுவேன். அவர் வேண்டாம் என்றால் ஏற்ற மாட்டேன். இது சத்தியம்.

அண்ணன் ஏசியதெல்லாம் உனக்குக் கேட்டிருந்தால், அதில் ஒரு சொல்கூட உன்னுடையது இல்லை. நீ வைத்துக்கொள்ளாதே. எல்லாவற்றையும் என்னிடம் அனுப்பிவிடு.

உன் நாத்தனார்,
விக்டோரியா