எழுந்து நிற்காத இருவர்

மேசைமேல் தீர்ப்பின் பிரதி கிடக்கிறது. புதன்கிழமை பதிவாளரின் அறையில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முத்திரை காயுமுன்னே மடித்துவிட்டேன் போலிருக்கிறது, ஊதா மை எதிர்ப்பக்கத்திலும் அப்பியிருக்கிறது. அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே உன் விரல்கள் நினைவுக்கு வந்துவிட்டன. வெள்ளவத்தை போர்டிங்கில் நாங்கள் எல்லோரும் சாதாரணப் பேனையால் விரிவுரைக் குறிப்பு எழுதுவோம். நீ மட்டும் மைப்பேனையைக் கட்டிக்கொண்டு அழுவாய். சோறு பிசையும்போதுகூட உன் நடுவிரலில் நீலம் இருக்கும். "மையும் சேர்ந்து உள்ள போகுதுடி" என்பேன். "போகட்டும், வயித்துலயாவது சட்டம் தங்கட்டும்" என்பாய்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்வதியக்காவுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. என்ன ஆச்சு என்று நீ கடைசியாகக் கேட்டு எட்டு மாதம் கழித்துத்தான் என்னால் இதைச் சொல்ல முடிகிறது. சொல்ல முடிகிறதே, அதுவே போதும்.

நாம் இரண்டு பேரும் லிந்துலைக்காரிகள். ஆனால் சந்தித்துக்கொண்டது கொழும்புச் சட்ட பீடத்தில். பசாரில் உன் வாப்பாவின் புடவைக்கடை. அந்தக் கடைக்கு மேலே, மூன்று வளைவு தாண்டி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், எங்கள் லயம். தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மா என்னை அங்கேதான் கூட்டிவருவாள். அதை நான் சொன்னதும், "அப்ப நான் கல்லாவுக்குப் பின்னால உக்காந்து ஹோம்வர்க் செஞ்சிருப்பேன், நீ என்னப் பார்த்து மொறைச்சிருப்பே" என்று சிரித்தாய். பட்டம் முடிந்ததும் நீ பீடத்திலேயே விரிவுரையாளராகத் தங்கிவிட்டாய். நான் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டேன். உனக்கு நூலகம், எனக்கு நீதிமன்றம் என்று அன்றைக்குப் பிரித்துக்கொண்டோம். அப்படிப் பிரிக்க முடியாது என்று எனக்குப் புரிய நாலு வருடம் ஆயிற்று.

அந்த நாளை உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீயும் அங்கே இருந்தாய். ஆனாலும் சொல்கிறேன். ஒருமுறையாவது நானே முழுதாகச் சொல்ல வேண்டும்.

பீடத்துக்கு விடுமுறை. மலைநாட்டு நீதிமன்றங்களில் தமிழ் பேசுகிறவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆய்வு செய்ய வந்திருந்தாய். நீதிமன்றத்தில் பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தாய், தலையில் சாம்பல் நிற ஸ்கார்ஃப், மடியில் நோட்டுப் புத்தகம். பார்வதியக்காவின் வழக்கு அன்று காலை, பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் என் கைக்கு வந்தது. லயத்துப் பைப்படியில் இரண்டு குடும்பத்துக்குள் தண்ணீர்ச் சண்டை. ஒட்டிய அறையில் இருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி விழுந்து கையில் அடி. பொலிஸ் பார்வதியக்காமேல் வழக்குப் போட்டிருந்தது. "நான் வெலக்கிவிடத்தாம்மா போனேன்" என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். "சரிங்கக்கா, நீங்க குத்தவாளி இல்லைன்னு சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அன்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் லீவு. மொழிபெயர்க்க ஆளில்லாமலே வழக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. குற்றப்பத்திரத்தைச் சிங்களத்தில் மளமளவென்று வாசித்தார்கள். "வெரதிகருத, நிவெரதிகருத?" என்று கேட்டார்கள். குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்பதுதான் கேள்வி. இரண்டு சொல்லுக்கும் நடுவே இருப்பது ஒரேயொரு 'நி'. கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பார்வதியக்கா கேட்டதைத் திருப்பிச் சொல்கிறவர் போலச் சொன்னார்: "வெரதிகரு."

எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. எழுந்திருக்க முழங்கால் அசைந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் இருந்த சீனியர் ஒருவர் என் கோட்டு நுனியைத் தொட்டு, "விடுங்க மிஸ், சின்னக் கேஸ். அபராதத்தோட முடிஞ்சிரும். இழுத்தா இன்னும் அஞ்சு தவணை" என்றார். நீதவானின் முகம் ஏற்கெனவே கடுகடுவென்றிருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். அபராதம், ஒத்திவைத்த சிறைத்தண்டனை, அடுத்த வழக்கு.

வெளியே வந்ததும் பார்வதியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் நிறையச் சிரிப்பு.

"சரியா சொன்னேனாம்மா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. "போயிட்டு வாங்கக்கா" என்றிருப்பேன்.

மத்தியானம் நாம் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளேன்டீ குடித்தோம். உன் உம்மாவின் கால்வலி, போர்டிங் அன்ரியின் மகள் கல்யாணம், எல்லாம் பேசினோம். அந்த ஒரு சொல்லைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த வருடம் கொழும்பில் உன் ஆய்வுக் கட்டுரை வாசிப்பு. நீ கூப்பிட்டாய் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு இரவு பஸ் பிடித்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நீ நிமிர்ந்து வாசித்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது, அந்த உதாரணம் வரும்வரை. பெயரில்லாத ஒரு தோட்டத் தொழிலாளி, பெயரில்லாத ஒரு நீதிமன்றம். "அவருக்காகத் தோன்றிய சட்டத்தரணி எழுந்திருக்கவில்லை" என்று நீ வாசித்தபோது மண்டபத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தன.

தாழ்வாரத்தில் உன்னை மறித்தேன்.

"என்னைய வச்சு எழுதியிருக்கே."

"ஒம் பேர் போடல்லையே."

"பேர் போடாட்டி அது நான் இல்லைன்னு ஆயிருமா? ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு எழுதுறது லேசுடி. அங்க வந்து நின்னு பாரு."

"நின்னிருக்கலாமே. நீ உக்காந்துதானே இருந்தே."

சொன்னவுடனே உன் முகம் மாறியது. ஆனால் சொன்னது சொன்னதுதான். நான் அன்றைக்கே திரும்பிவிட்டேன். நீ அழைத்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. பிறகு நீயும் அழைப்பதை நிறுத்திவிட்டாய். பதினோரு மாதம்.

அப்புறம் ஒரு மழைநாளில் என் ஹட்டன் ஆபீசின் படியேறி வந்தாய். ஸ்கார்ஃப் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. இளைத்திருந்தாய். "என்னடி இது கோலம்?" என்றதற்கு "காஸ்ட்ரிக்" என்று கையை ஆட்டிவிட்டாய். அதை நான் நம்பினேன். உன்னிடம் கோபப்பட எனக்கு இன்னும் மிச்சம் இருப்பது அந்த ஒரு பொய்க்காக மட்டும்தான்.

நீ பார்வதியக்காவைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாய். அவர் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போவார்களாம். வழக்கு முடிந்த மாதமே, அடிபிடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவளிடம் பிள்ளைகளை விட முடியாது என்று தோட்டத்தில் அவரைத் திரும்பவும் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான், தான் சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்தப் புள்ளைகள்ள ஒண்ணு இன்னும் ரோட்டுல கண்டா ஓடிவந்து அவங்க சீலையப் புடிக்குமாம். தாய்க்காரி வந்து இழுத்துட்டுப் போறாளாம்" என்றாய்.

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைத் திட்டப்போகிறாய் என்று காத்திருந்தேன். நீ சொன்னது வேறு.

"கட்டுரையில ஒண்ண விட்டுட்டேன் புள்ள. பின் வாங்குல ஒருத்தி இருந்தா. அவளுக்கும் சிங்களம் வெளங்கும், அவளும் சட்டம் படிச்சவ. அவ அந்தச் சொல்ல நோட்டுல எழுதிக்கிட்டா, எந்திரிக்கல்ல. பேசுறதுக்கு நீ கோட்டுப் போட்டிருந்தே, எழுதுறதுக்கு நான் பேனை வச்சிருந்தேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல்ல."

அதற்குப் பிறகு நாம் அழுதோமா? இல்லை. நீ பசிக்கிறது என்றாய். கீழே இருக்கும் நானாவின் கடையில் ரொட்டி வாங்கி வரச் செய்தேன். பாதிகூடத் தின்னவில்லை நீ.

மேல் நீதிமன்றத்துக்கு மீளாய்வு மனு. அது உன் யோசனை. குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்கு விளங்கும் மொழியில் குற்றச்சாட்டு வாசிக்கப்படவில்லை என்று காட்ட வேண்டும். சாட்சி யார்? நாம் இரண்டு பேரும்தான். நான் கண்டதைச் சத்தியம் செய்து எழுதிச் சத்தியக்கடதாசி கொடுத்தால் அந்த வழக்கில் நான் தோன்ற முடியாது. அதோடு, 'எனக்குக் கேட்டது, நான் பேசாமல் இருந்தேன்' என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை ஊரிலுள்ள எல்லாச் சட்டத்தரணிகளும் வாசிப்பார்கள்.

"என் தொழிலே போயிருமேடி" என்றேன்.

"போனா வாப்பா கடையில வந்து துணி கிழி. நானும் வாறேன். மீட்டர் கோல் ஒனக்கு, கத்திரி எனக்கு."

நீ உன் நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை இணைத்தாய். திகதி, நேரம், முதலியார் இல்லை என்ற குறிப்பு, கேட்ட கேள்வி, சொன்ன பதில், எல்லாம் உன் நீல மையில் இருந்தன. 'சட்டத்தரணி எழுந்திருக்கவில்லை' என்ற வரிக்குக் கீழே, உன் சத்தியக்கடதாசியில், 'நானும் எழுந்திருக்கவில்லை' என்று நீயாகச் சேர்த்திருந்தாய். வழக்குக்கு அது தேவையில்லை என்று சொன்னேன். "எனக்குத் தேவை" என்றாய்.

மனு போட்டு நாலாவது மாதம், காஸ்ட்ரிக் என்று மறைத்த அந்த நோயிலேயே நீ போய்விட்டாய். உன் தங்கச்சி அழைத்தபோது நான் நீதிமன்றத்தில் இருந்தேன். கோட்டோடு ஓடிவந்தேன். உன் உம்மா வாசலில் கூடியிருந்த பெண்களை விலக்கி என்னை உள்ளே கூட்டிப்போய் முகத்தைக் காட்டினார். "ஒன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருந்தா. நாங்க ராசியாயிட்டோம் உம்மான்னு பத்துத் தரம் சொல்லிட்டா" என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு அன்றைக்குத் தரையாக இருந்தது. அந்தப் பதினோரு மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று என்று நீண்டிருந்தால் நான் என்னவாகியிருப்பேன் என்று யோசிக்கவே மாட்டேன். நீளவில்லை. நீ படியேறி வந்தாய்.

மேல் நீதிமன்றத்தில் வேறொரு சட்டத்தரணி தோன்ற, நான் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி இரண்டு சத்தியக்கடதாசிகளையும் நிதானமாக வாசித்தார். நிமிர்ந்து, "இதைக் கொடுத்த சட்டத்தரணி இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டார். இந்த முறை எழுந்து நின்றேன்.

"இதில் எழுதியிருப்பது உங்களைப் பற்றித்தானே?"

"ஆமாம், கனம் நீதிபதி அவர்களே."

அவ்வளவுதான் கேட்டார். தலையை மெல்ல ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். அரசதரப்பும் எதிர்க்கவில்லை. தண்டனை நீக்கப்பட்டு, வழக்கைப் புதிதாக விசாரிக்கும்படி கீழே அனுப்பப்பட்டது. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. என் கட்சிக்காரர் எவரும் ஓடிப்போகவில்லை. அன்று என் கோட்டைத் தொட்ட அதே சீனியர் தேநீர்க்கடையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லதுதான் செஞ்சீங்க மிஸ்" என்றார்.

கீழ் நீதிமன்றத்தில் இப்போது வேறொரு நீதவான். முதலியார் குற்றப்பத்திரத்தைத் தமிழில் ஒவ்வொரு வரியாக வாசித்தார். பார்வதியக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நான் அடிக்கலைங்க ஐயா. வெலக்கிவிடப் போனேங்க" என்றார். சாட்சிக்கு அழைக்கப்பட்ட பக்கத்துக் காம்பராக்காரியும் அதையே சொன்னாள்: "தள்ளுமுள்ளுல நானே வழுக்கி விழுந்தேங்க. பொலிசில என்ன எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க." அவளுக்கும் யாரும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. மதியத்துக்கு முன்னே எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே வந்து பார்வதியக்கா படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"இம்புட்டுத்தானாம்மா? இதச் சொல்றதுக்கா இத்தன வருஷம்?"

நான் அவருக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முழங்காலில் தட்டினார். "அந்த முஸ்லிம் புள்ளையும் இப்படித்தான் என்கிட்ட வந்து கேட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க" என்றார். நீ கேட்டிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பிள்ளைக்காம்பராவில் பழைய இடம் கிடைக்கவில்லை, அங்கே வேறொரு பெண் இருக்கிறாள். அவளுக்கு உதவியாக அரைநாள் வேலை கொடுத்திருக்கிறார்கள். அது போதும் என்கிறார்.

இன்னொரு செய்தி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு நீ நடத்திய சனிக்கிழமைத் துணை வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன். விடியற்காலையில் கொழும்புக்கு இறங்கி, அந்தியில் ஏறுகிறேன். கோட்டு மாட்டுகிற எனக்குச் சோக்குப் பிடிக்க வரவில்லை. உன்னைப்போல் கரும்பலகையில் நேராக எழுதவும் வரவில்லை. பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

நேற்று உன் கட்டுரையைத்தான் பாடமாக வைத்தேன். வாசித்து முடித்ததும் முன்வரிசைப் பையன் ஒருவன் கோபமாகக் கேட்டான்: "அந்தச் சட்டத்தரணி யாரு மிஸ்? இன்னமும் கோர்ட்டுக்குப் போறாங்களா?"

"போறேன்" என்றேன்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு உடப்புசல்லாவையிலிருந்து வந்திருக்கும் பிள்ளை ஒன்று, மெதுவாக, "அதுக்குப் பொறகு என்ன நடந்துச்சு மிஸ்?" என்று கேட்டது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பைப்படிச் சண்டையிலிருந்து தொடங்கினேன். உன்னையும் சொன்னேன், என்னையும் சொன்னேன், எதையும் விடவில்லை.